பியானோ பீஸின் டெம்போ, கீ, மூட்: காதால் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, ரெட்டியார்பாளையம் என்று புதுச்சேரியில் எந்தப் பக்கம் போனாலும் மாடிப்படி ஓரத்தில் ஒரு கீபோர்டு வகுப்புப் பலகை கண்ணில் படும். பிள்ளைகள் ஆர்வமாகப் போகிறார்கள், விரலும் நன்றாக ஓடுகிறது. வாசித்து முடித்ததும், "இது என்ன டெம்போ, என்ன கீ, கேட்டால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஸ்லோ சார், மைனர், சோகம்" என்று ஒரே மூச்சில் பதில் வரும். பாதி நேரம் அது ஊகம்தான். கிரேடு தேர்வில் காதால் கேட்டுச் சொல்லும் பகுதி வரும்போது இந்த ஊகம் கைகொடுக்காது. தேர்வை விடுங்கள், ஒரு நல்ல பீஸ் ஏன் நம்மை இப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்று தெரிந்து கேட்பதே தனிச் சுகம்.

நான் சொல்லப்போகும் வழி இதுதான். முதலில் வேகத்தை, அதாவது டெம்போவை, அளந்துவிடுங்கள். அப்புறம் கீயை, அதாவது பீஸ் எந்த ஸ்வரத்தை ச-வாக வைத்து நிற்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். மூட், அதாவது அது தரும் உணர்வு என்ன என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். சொல்லும்போது எந்த ஸ்வரத்தால், எந்தக் கையால் அந்த உணர்வு வருகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். "மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம்" என்ற சூத்திரத்தை மட்டும் நம்பினால் முதல் பீஸிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

உட்காரும் முன்

ஒரே ஒரு பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்துக்கு நான்கு பீஸ்கள் போதும்: பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்', அவருடைய 'மூன்லைட் சொனாட்டா'வின் முதல் பகுதி, மொஸார்ட்டின் 'டர்கிஷ் மார்ச்', பிரெஞ்சுக்காரர் எரிக் சாத்தி 1888இல் எழுதிய 'ஜிம்னோபெடி' முதலாவது. நான்குமே பழையவை, காப்புரிமைக் காலம் முடிந்தவை. ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் நோட்டேஷனை (ஸ்வரங்களைக் குறியீடாக எழுதிய தாளை) இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இயர்ஃபோன் கட்டாயம் வேண்டும். போன் ஸ்பீக்கரில் இடது கை வாசிக்கும் கீழ் ஸ்வரங்கள் சரியாகக் கேட்காது. கீயைக் கண்டுபிடிக்க அந்த பேஸ்தான் ஆதாரம். ஃபேன் சத்தத்தையும் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் ஒரு கீபோர்டு இருந்தால் நல்லது, சின்ன கேஸியோ கூடப் போதும். இல்லாவிட்டால் போனில் பியானோ ஆப் ஒன்று.

முதல் தடவை கேட்கும்போது நோட்டேஷனைப் பார்க்க வேண்டாம். பெயரைப் பற்றியும் யோசிக்க வேண்டாம். 'மூன்லைட்' என்பது பீத்தோவன் வைத்த பெயரே இல்லை. 1802இல் வெளியானபோது அது 'கற்பனை போன்ற ஒரு சொனாட்டா' என்ற பொருளில்தான் அச்சானது. லுட்விக் ரெல்ஷ்டாப் என்ற விமர்சகர் அதை நிலவொளியோடு ஒப்பிட்டு எழுதினார், பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரை வைத்து மூடைத் தீர்மானித்தால் அது ரெல்ஷ்டாப்பின் காதைக் கடன் வாங்கியதாகத்தான் ஆகும்.

வேகத்தை அளப்பது

பாட்டுக்குத் தாளம் போடுவது போலத் தொடையில் தட்டுங்கள். யாரும் சொல்லித்தராமலே கை ஒரு சீரான தட்டில் போய் நிற்கும். அந்தத் தட்டுக்குப் பெயர்தான் பீட். 15 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை பீட் என்று வந்துவிடும். மெட்ரோனோம் (சீரான தட்டு தரும் கருவி) ஆப்பில் 'டேப்' பொத்தானைத் தட்டினாலும் அதே எண் கிடைக்கும். ஒரு தடவை கையாலேயே எண்ணிப் பழகுங்கள் என்பது என் கட்சி. தேர்வு அறைக்குள் போனை விடமாட்டார்கள்.

நோட்டேஷனின் தலையில் இத்தாலிய வார்த்தை ஒன்று இருக்கும். அடாஜியோ, லார்கோ என்றால் மெதுவாக, ஆண்டான்டே நடை வேகம், மாடராட்டோ நடுத்தரம், அலெக்ரோ துள்ளலான வேகம், பிரெஸ்டோ மிக வேகம். மெட்ரோனோமில் ஆண்டான்டேவுக்கு எதிரே 76 முதல் 108 என்றும், அலெக்ரோவுக்கு 120 முதல் 168 என்றும் அச்சிட்டிருக்கும். அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெல்ட்ஸெல் என்பவர் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியதே 1815இல்தான். மொஸார்ட் காலமெல்லாம் எண்ணே இல்லாத காலம். பீத்தோவன் கூடத் தன் 32 பியானோ சொனாட்டாக்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான், ஓபஸ் (படைப்பு எண்) 106க்குத்தான், மெட்ரோனோம் எண் போட்டார். ஆகவே மூன்லைட்டுக்கு "இதுதான் சரியான வேகம்" என்று யாராவது எண் சொன்னால், அது அந்தக் கலைஞரின் வேகம், அவ்வளவுதான்.

தட்டி எண்ணுவதில் சந்தேகமாக இருந்தால் கணக்குப் போட்டும் பார்க்கலாம். சாத்தியின் முதல் ஜிம்னோபெடியில் 78 பார்கள் (நோட்டேஷனில் கோடு போட்டுப் பிரித்த தாளப் பகுதிகள்), ஒவ்வொன்றிலும் மூன்று பீட். மொத்தம் 234. நீங்கள் கேட்கும் பதிவு மூன்று நிமிடத்தில் முடிந்தால் வேகம் 78. மூன்றரை நிமிடம் என்றால் 67. நான்கு நிமிடம் என்றால் 58 சொச்சம். ஒரே பீஸைப் பல கலைஞர்கள் வாசித்த பதிவுகளின் நீளத்தைப் பார்த்தாலே யார் எவ்வளவு நிதானம் என்று தெரிந்துவிடும்.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்லைட்டில் வலது கை மூன்று மூன்று ஸ்வரமாக ஓயாமல் உருண்டுகொண்டே இருக்கும். அந்த ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தட்டினால் எண் 150ஐத் தொடும், "வேகமான பீஸ்" என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். மூன்று ஸ்வரத்துக்கு ஒரு தட்டு போடுங்கள். பெரும்பாலான பதிவுகளில் 50க்குப் பக்கத்தில் வரும். பேஸ் மாறுவதைக் கவனித்தால் நிதானம் இன்னும் தெளிவாகும். பேஸ் ஒரு பாருக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் நகர்கிறது. ஓடுவது விரல், பீஸ் மெதுவாகத்தான் போகிறது. கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இது சட்டென்று புரியும்: சவுக்க காலத்தில் தாளம் போட்டுக்கொண்டு மேல் காலத்தில் ஸ்வரம் பாடுவது நமக்குப் புதிதில்லையே.

வாசிப்பவர் இடையிடையே இழுப்பார், கொஞ்சம் தள்ளுவார். ஷோபேன் பீஸ்களில் இது நிறைய இருக்கும். அதனால் ஒரே ஒரு வரியை வைத்து எண்ணாமல், நடுவில் அரை நிமிடமாவது எண்ணிச் சராசரி எடுங்கள்.

கீ: பீஸின் வீடு எது

தம்பூரா ச, ப என்று ஒரே சுருதியில் நிற்கும். அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு கீ என்பது கடினமே இல்லை. பீஸ் எந்த ஸ்வரத்தில் வந்து நின்றால் "முடிந்தது" என்று மனசு ஒப்புக்கொள்கிறதோ அதுதான் வீடு, அதாவது ச. பீஸ் முடிந்ததும் அந்த ஸ்வரத்தை வாய்விட்டு முனகுங்கள். முனகியபடியே கீபோர்டில் தேடிப் பிடியுங்கள். அது சி என்றால் ஒரு கட்டை, சி ஷார்ப் (சி-க்கு அடுத்த கருப்புக் கட்டை) ஒன்றரை, டி இரண்டு, ஏ ஆறு கட்டை.

கடைசி பேஸ் ஸ்வரத்தைப் பாருங்கள் என்று அழுத்திச் சொல்வேன். முதல் ஸ்வரத்தை நம்பக் கூடாது. ஜிம்னோபெடியின் இடது கை ஜி-யில் தொடங்குகிறது. "ஜி மேஜர்" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. ஆனால் அடுத்த பாரில் பேஸ் டி-க்கு வருகிறது, பீஸ் முடிவதும் டி-யில்தான். வீடு டி.

வீடு தெரிந்ததும் மேஜரா மைனரா என்று பார்க்க ஒரே சோதனை போதும். வீட்டிலிருந்து வெள்ளைக் கட்டை, கருப்புக் கட்டை எதையும் விடாமல், கட்டைக்கு ஒரு அரைப்படியாக நான்கு அரைப்படி ஏறுங்கள். அந்த ஸ்வரம் பீஸோடு ஒத்துப்போனால் மேஜர். மூன்றாவது அரைப்படிதான் ஒத்துப்போகிறது என்றால் மைனர். நம் வழியில் சொன்னால் அந்தர காந்தாரமா, சாதாரண காந்தாரமா என்பதுதான் கேள்வி. மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். முத்துசாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்யம் செய்தபோது சங்கராபரணத்திலேயே செய்தது இதனால்தான். மைனர் ஸ்கேல் நடபைரவி. அதில் நிஷாதத்தை மட்டும் அரைப்படி உயர்த்தினால் கீரவாணி. மேல்நாட்டு மைனர் பீஸ்களில் இந்த உயர்த்திய நிஷாதம் அடிக்கடி தலைகாட்டும். அதைப் பிடித்துவிட்டால் கீயைப் பிடித்த மாதிரி.

ஃபூர் எலீஸில் இதைச் சோதித்துப் பாருங்கள். ஈ, டி ஷார்ப், ஈ, டி ஷார்ப், ஈ, பி, டி, சி, ஏ. ஊரெல்லாம் தெரிந்த அந்தத் தொடக்கம். டி ஷார்ப்பைப் பார்த்ததும் அதுதான் உயர்த்திய நிஷாதம், வீடு ஈ என்று தோன்றும். அது வெறும் அலங்காரம். மெட்டு ஏ-யில் வந்து இறங்கியதும் இடது கை ஏ, ஈ, ஏ என்று ஏறுகிறது. அடுத்த பாரில் அதே கை ஈ, ஈ, ஜி ஷார்ப் என்று ஏறுகிறது. அந்த ஜி ஷார்ப்தான் ஏ-க்கு உயர்த்திய நிஷாதம், அதாவது காகலி நிஷாதம். வீடு ஏ, அதற்கு மூன்றாவது அரைப்படி சி. ஆக ஏ மைனர்.

நோட்டேஷனிலும் சரிபார்க்கலாம். வரியின் தொடக்கத்தில் ஷார்ப் குறிகள் (அரைப்படி ஏற்றுபவை) இருந்தால் கடைசி ஷார்ப்புக்கு அடுத்த அரைப்படி மேஜர் கீ. ஃபிளாட் குறிகள் (அரைப்படி இறக்குபவை) இருந்தால் கடைசிக்கு முந்தைய ஃபிளாட்தான் மேஜர் கீ. ஒரே ஃபிளாட் என்றால் எஃப் மேஜர். அந்த மேஜரிலிருந்து மூன்று அரைப்படி கீழே இறங்கினால் அதே குறிகளை வைத்துக்கொள்ளும் மைனர் கீ. இரண்டில் எது என்பதைக் கடைசி பேஸ் சொல்லிவிடும். மூன்லைட்டில் நான்கு ஷார்ப், கடைசி டி ஷார்ப், அடுத்தது ஈ. ஈ மேஜர், இல்லாவிட்டால் சி ஷார்ப் மைனர். பீஸ் சி ஷார்ப்பில் முடிகிறது; பதில் கிடைத்துவிட்டது.

கர்நாடக சங்கீதக் காதுக்கு ஒரு எச்சரிக்கை. நமக்கு சுருதி கச்சேரி முழுக்க ஒன்றுதான். மேல்நாட்டு பீஸ் அப்படி இருக்காது. நடுவில் வீட்டை விட்டு வேறு வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டு வரும். ஃபூர் எலீஸின் நடுப்பகுதியில் எஃப் மேஜருக்குப் போகிறது. டர்கிஷ் மார்ச் ஏ மைனரில் தொடங்கி ஏ மேஜரில் முடிகிறது; கடைசி பேஸ் வீடு ஏ என்று சரியாகவே சொல்லும், ஆனால் மைனர் மேஜராக மாறியதைச் சொல்லாது. அதனால் தொடக்கத்துக்கு ஒரு தடவை, நடுவுக்கு ஒரு தடவை, முடிவுக்கு ஒரு தடவை என்று மூன்று இடத்தில் வீட்டைத் தேடுங்கள்.

டியூனர் ஆப் (சுருதி காட்டும் ஆப்) வைத்துக் கண்டுபிடிக்கப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று. கடல்காற்றும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சேர்ந்தால் நம் ஊரில் மரப் பியானோ சுருதியில் நிற்பது கஷ்டம். கம்பி துருப்பிடிக்கும், மரம் ஊதும், பல ஆண்டுகள் டியூன் செய்யாத பழைய பியானோவில் மொத்தச் சுருதியும் இறங்கியிருக்கும். ஏ ஸ்வரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு என்ற கணக்குக்கு அது ஒத்துவராது. ஆப் பக்கத்துக் கட்டையின் பெயரைச் சொல்லும். பழங்காலக் கருவிகளில் வாசித்த பதிவுகளிலும் இப்படித்தான். அந்த மாதிரி இடங்களில் வாசிப்பவர் எந்தக் கட்டையை அழுத்துகிறார் என்று பாருங்கள்.

மூட்: காரணத்தோடு சொல்வது

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இதற்குத்தான்.

முதலில் ஒரு சோதனை. டர்கிஷ் மார்ச்சை யூடியூபில் போட்டு, வேகத்தை 0.5 ஆகக் குறையுங்கள். சுருதி மாறாது, வேகம் மட்டும் பாதியாகும். துள்ளல் காணாமல் போகும். அதே ஸ்வரங்கள் ஏதோ யோசனையில் ஆழ்ந்த மாதிரி கேட்கும். அடுத்து ஜிம்னோபெடியை இரண்டு மடங்கு வேகத்தில் வையுங்கள். கிட்டத்தட்ட ஒரு வால்ட்ஸ் நடனமாகிவிடும். இரண்டிலும் கீ அப்படியே இருக்கிறது, மூட் மட்டும் மாறியிருக்கிறது.

இரண்டாவது சோதனை உங்கள் கீபோர்டில். ஃபூர் எலீஸின் முதல் வரியை வாசியுங்கள். டிரான்ஸ்போஸ் பொத்தானால் ஒரு படி ஏற்றி மறுபடி வாசியுங்கள். கொஞ்சம் பளிச்சென்று கேட்கலாம், ஆனால் மூட் அதேதான். இப்போது டிரான்ஸ்போஸை எடுத்துவிட்டு, சி வரும் இடமெல்லாம் சி ஷார்ப் வாசியுங்கள். பீஸின் முகமே மாறிவிடும். "டி மைனர்தான் உலகிலேயே சோகமான கீ" என்றெல்லாம் படித்திருப்பீர்கள். இன்றைய பியானோவில் எல்லா மைனர் ஸ்கேலுக்கும் ஸ்வரங்களுக்கு இடையிலான தூரம் ஒன்றுதான். மூடுக்கு முக்கியமானது மேஜரா மைனரா என்பது. எந்தக் கட்டை என்பது அதற்கு வெகுதூரம் பின்னால்தான் வரும்.

வேகமும் கீயும் தெரிந்த பிறகு இன்னும் நான்கைந்து விஷயங்களைக் கேளுங்கள். மெட்டு மேல் ஸ்தாயியிலா, கீழ் ஸ்தாயியிலா? சத்தம் எவ்வளவு, திடீரென்று ஏறுகிறதா? ஸ்வரங்கள் வெட்டி வெட்டி வருகின்றனவா, ஒன்றில் ஒன்று கரைகின்றனவா? இடது கை என்ன செய்கிறது? காலால் அழுத்தும் பெடல் எவ்வளவு? டர்கிஷ் மார்ச் மைனரில் தொடங்கியும் ஏன் யாருக்கும் அழுகை வருவதில்லை என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வேகமான இரண்டு பீட், வெட்டி வாசிக்கும் ஸ்வரங்கள், இடது கையில் பேண்டு முழக்கம் மாதிரி திரும்பத் திரும்ப வரும் கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்கள்). இவை சேர்ந்து மைனரின் நிழலை மிடுக்காக மாற்றிவிடுகின்றன.

ஜிம்னோபெடி இதற்கு நேர் எதிர். அதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இரண்டு ஷார்ப், டி மேஜர். சூத்திரப்படி சந்தோஷமாக இருக்க வேண்டும். சாத்தி தலைப்பில் எழுதியிருப்பதோ 'மெதுவாக, வேதனையோடு' என்று, அதுவும் பிரெஞ்சில். வீட்டில் பள்ளியில் பிரெஞ்சு எடுத்த பிள்ளை இருந்தால் அந்த வரியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊரில் அதற்கு ஆள் கிடைக்காமல் போகாது. சரி, மேஜரில் வேதனை எங்கிருந்து வருகிறது?

இடது கையைக் கேளுங்கள். முதல் பீட்டில் கீழே ஜி. இரண்டாவது பீட்டில் மேலே பி, டி, எஃப் ஷார்ப் மூன்றும் சேர்ந்த கார்டு, அது மூன்றாவது பீட்டிலும் நீள்கிறது. ஜி-யும் எஃப் ஷார்ப்பும் அரைப்படி வித்தியாச ஸ்வரங்கள், உரசும். ஆனால் நடுவில் ஒரு ஸ்தாயிக்கு மேல் இடைவெளி விட்டு, மெதுவாக, சத்தம் குறைத்து வாசிப்பதால் உரசல் குத்துவதில்லை, லேசாக வலிக்கிறது. அடுத்த பாரில் கீழே டி, மேலே ஏ, சி ஷார்ப், எஃப் ஷார்ப். வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் காகலி நிஷாதமான சி ஷார்ப் ச-வுக்குப் போய்ச் சேராமல் அப்படியே நிற்கிறது. இந்த இரண்டு பாரும் மாறி மாறி ஆடிக்கொண்டே இருக்கின்றன. மெட்டு எஃப் ஷார்ப், ஏ என்று மேலே தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கி ஒரு நீண்ட ஸ்வரத்தில் நின்றுவிடுகிறது. எங்கேயும் அவசரம் இல்லை, எங்கேயும் முழு ஓய்வும் இல்லை. கடைசியில் ஒன்று செய்கிறார் பாருங்கள். பீஸ் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு பாதிகளாக இருக்கிறது. முதல் பாதி டி மேஜரில் முடிகிறது. இரண்டாவது பாதி முடியும்போது எஃப் ஷார்ப்பை எடுத்துவிட்டு எஃப் வைக்கிறார். டி மைனரில் முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு காந்தாரம் அரைப்படி இறங்குகிறது. தலைப்பில் எழுதிய வேதனைக்கு அதுவே கையெழுத்து.

எழுதி வைப்பது

கேட்டு முடித்ததும் நோட்டில் நான்கு வரி எழுதுங்கள், நீளம் வேண்டாம். மூன்லைட்டுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: "மெதுவான வேகம், மூன்று ஸ்வரத்துக்கு ஒரு தட்டு, 50 பக்கம். சி ஷார்ப் மைனர், ஒன்றரைக் கட்டை. நடுவில் வேறு கீகளைத் தொட்டுத் திரும்புகிறது. ஆழ்ந்த, தனித்த மூட்: கீழே பேஸ் மெல்ல இறங்குகிறது, வலது கை சத்தமே ஏறாமல் உருள்கிறது, மெட்டு ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, பெடலில் எல்லாம் ஒன்றாகக் கரைகிறது." மூட் வார்த்தைக்குப் பக்கத்தில் காரணம் எழுத முடியாவிட்டால் அந்த வார்த்தையை அடித்துவிட்டு மறுபடி கேளுங்கள். 'சோகம்' என்ற ஒரே வார்த்தையில் நிற்காதீர்கள். ஏக்கம், தவிப்பு, மிடுக்கு, குறும்பு, அமைதி, பதற்றம், பிரிவு என்று தமிழில் இதற்கு எத்தனையோ இருக்கிறது.

வீட்டில் கேட்டுப் பழகியதும் நேரில் கேட்க வேண்டும். பெடலை அழுத்தும்போது மரப்பெட்டி முழுக்க அதிர்வது இயர்ஃபோனில் வராது. சஃப்ரென் வீதியில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஜூன் 21ஐ ஒட்டி இசைத் திருவிழாவும் வரும். ஆரோவில்லிலும் அவ்வப்போது பியானோ கச்சேரி நடக்கிறது. கடலூரிலிருந்து வருகிறவர்கள் திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் பார்த்து வைத்துக்கொண்டால் நிம்மதியாகக் கேட்கலாம். கச்சேரியில் போனை எடுக்க வேண்டாம். தொடையில் சத்தம் வராமல் தட்டி, கடைசி பேஸை மனசுக்குள் முனகினால் போதும்.

இந்த நான்கும் கைவந்த பிறகு ஷோபேனின் நாக்டர்ன் ஓபஸ் 9, எண் 2க்குப் போங்கள். மூன்று ஃபிளாட், பி, ஈ, ஏ; கடைசிக்கு முந்தையது ஈ ஃபிளாட். ஈ ஃபிளாட் மேஜர், இரண்டரைக் கட்டை. தலையில் ஆண்டான்டே என்று இருக்கும். ஒரு பாரில் பன்னிரண்டு சின்ன ஸ்வரம் என்று பார்த்துப் பயப்படாதீர்கள், மூன்றுக்கு ஒன்றாக நான்கு தட்டு. வலது கை இஷ்டப்படி இழுத்துக்கொண்டு போகும், அதன் பின்னால் போகாமல் முதலில் இடது கையை மட்டும் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள்.